ரகரத்தில் ட்ரம்பெட்

சனவரி 12, திங்கள். முற்பகல் 10.20. வரவேற்பறை அலமாரியின் மூன்றாம் அடுக்கில், 1968 மார்ச்சில் வெளியான இசைத்தட்டு (நீல உறை) அதற்குரிய இடத்தில் இல்லை. 10.55: நான்காம் அடுக்கின் நடுவில் கண்டெடுக்கப்பட்டது.

அதே நாள், 11.10. மூன்றாம் அடுக்கின் முதல் இருபது இசைத்தட்டுகள் சரிபார்க்கப்பட்டன. உரிய இடத்தில் இருந்தவை: இரண்டு.

சனவரி 13, செவ்வாய். பிற்பகல் 2.00 முதல் 4.30 வரை. மூன்றாம், நான்காம் அடுக்குகள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டன. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று கலந்துள்ளன. முதல் இரண்டு அடுக்குகளிலும் (1966, 1967) ஐந்தாம் அடுக்கிலும் (1970) மாற்றம் இல்லை. வீட்டில் எவரும் நுழைந்த அடையாளம் இல்லை. சாவி வைத்திருப்பவர்கள்: நான், என் மகள்.

சனவரி 15, வியாழன். முற்பகல் 11.00. 1969 இலையுதிர்காலத்தில் வெளியான நால்வர் குழுவின் இசைத்தட்டு, இரண்டாம் பக்கம். ஏழாம் நிமிடத்தில் தாளம் நின்று, ஒரு மூச்சு நேரம் அமைதி இருந்து, மீண்டும் தொடங்கும். இன்று கேட்டபோது தாளம் நிற்கவில்லை. ஊசியைத் தூக்கி முதலிலிருந்து கேட்டேன். நிற்கவில்லை.

மேலே உள்ளவை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்தவை. நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கணிதம் கற்பித்தவனுக்கு அது கடினமல்ல. எழுதும்போது பயந்ததைப் பதிவுசெய்யத் தேவையில்லை என்றே அன்று கருதினேன்.

என் அச்சத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. சென்னையில் இருந்த என் அண்ணனுக்கு நினைவு தவறத் தொடங்கியது பெயர்களிலோ முகங்களிலோ அல்ல, பொருள்களின் இடத்தில்தான். அவருடைய மேசை இழுப்பறையில் பென்சில்கள்கூட நீளத்தின் வரிசையில் கிடக்கும். ஒரு நாள் அவருடைய மூக்குக் கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். தொலைபேசியில் கேட்டு நானும் சிரித்தேன். சில ஆண்டுகளுக்குப் பின் நான் ஊருக்குப் போயிருந்தபோது, தாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று மிகுந்த மரியாதையுடன் என்னிடம் கேட்டார். உட்காருவதற்குத் தம் நாற்காலியையும் கொடுத்தார்.

எனவே 1968ஆம் ஆண்டு 1969க்குள் போய்க் கிடந்ததைக் கண்ட காலையில் நான் முதலில் நினைத்தது இசையைப் பற்றி அல்ல.

அந்த அலமாரியில் இருப்பவை 1966 முதல் 1970 வரை வெளியான ஜாஸ் இசைத்தட்டுகளும், ஜாஸ் என்று அழைக்கத் தயங்க வேண்டிய சில பரிசோதனை முயற்சிகளும் மட்டுமே. வேறு காலத்து இசையை நான் வாங்கியதில்லை. பல்லவி போன்ற ஒன்றை முதலில் வாசித்து, ஒவ்வொருவரும் முறை வைத்து விரித்து, முடிவில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவது என்ற ஏற்பாட்டை அந்த ஐந்து ஆண்டுகளில் சிலர் கைவிட்டார்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே இசை எடுத்துக்கொண்டது. இரண்டு தாளக் கலைஞர்கள் இரண்டு வேகங்களில் வாசித்தார்கள். ஒலிநாடாவை வெட்டி, முன்னதைப் பின்னால் ஒட்டினார்கள். மின்சாரப் பியானோ வந்தது. பழைய ரசிகர்கள் எழுந்து போனார்கள். அடுத்த ஒலி என்னவென்று கணிக்க முடியாத அந்த இசை, நாள் முழுவதும் நிரூபணங்கள் எழுதிய எனக்கு ஓர் ஓய்வாக இருந்தது. இன்று அந்தக் காரணத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கணிக்க முடியாததைப் பொறுத்துக்கொள்ள, கேட்பவனின் தலைக்குள்ளாவது ஏதாவது ஒன்று உறுதியாக இருக்க வேண்டும்.

எண்பதுகளில், நான் குடியேறிய இந்தப் பனி நாட்டு நகரத்தார் சி.டி. எனும் சிறிய வட்டுகளுக்கு மாறியபோது, பெரிய இசைத்தட்டுகள் தேவாலய நிலவறைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அப்படித்தான் சேர்த்தேன். வெளியான மாதத்தின் வரிசையில் அடுக்கினேன். பதிவான நாளும் வெளியான நாளும் பெரும்பாலும் ஒன்றல்ல. சில பதிவுகள் இரண்டு மூன்று ஆண்டுகள் பெட்டியில் உறங்கிய பிறகே வெளிவந்தன. பழைய சஞ்சிகைகளின் விளம்பரங்கள், உறையின் பின்புறம் வானொலி நிலையங்கள் குத்திய தேதி முத்திரைகள், இசைத்தட்டின் நடுவட்டத்தை ஒட்டிக் கீறப்பட்ட எண்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் மாதத்தைத் தீர்மானித்தேன். சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் தேட வேண்டியிருந்தது. அந்த வரிசை எனக்குப் பாடமாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் நான் விரும்பியதை எடுக்க முடியும்.

என் மனைவி அந்த அலமாரியைத் தொட்டதில்லை. நான் சென்னைக்காரன், அவர் யாழ்ப்பாணத்தவர்; கத்தோலிக்கர்; இந்த நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பொதியிடும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டைத் துடைத்துக்கொண்டு வருபவர் அலமாரியின் முன்னே நின்று, “உங்கட பக்கத்தை நீங்களே துடையுங்கோ” என்று துணியை என் கையில் கொடுப்பார். நான் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டால் சமையலறையிலிருந்து குரல் வரும்: “இந்த ஆக்களுக்குச் சுருதி சேர்த்துக் குடுக்க ஒருத்தரும் இல்லையோ?” நாற்பது ஆண்டுகளாக எங்களுக்குள் இதே கேலிதான். அதற்கு மேல் அந்த இசையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை என்றே நினைத்திருந்தேன்.

கடந்த ஏப்ரலில் அவருக்குக் கணையத்தில் புற்று என்று அறிந்தோம். அக்டோபரில் இறந்தார். அந்த மாதங்களில் நான் ஓர் இசைத்தட்டையும் வெளியே எடுக்கவில்லை. அப்போது வயது வந்தோருக்கான கணித வகுப்பு ஒன்றைச் செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் நடத்தி வந்தேன். அதை விட்டுவிடுவதாகச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. “நீங்கள் போங்கோ. நான் படுக்கப் போறன்” என்பார். மாலையில் நான் திரும்பும்போது மிகவும் களைத்திருப்பார். மருந்தின் களைப்பு என்று நினைத்தேன்.

அவருக்குப் பிறகு வீட்டில் இருந்த அமைதியை மூன்று மாதங்கள் தாங்கினேன். பிறகு ஏதாவது ஒன்றைக் கேட்கலாம் என்று கையை நீட்டிய நாள்தான் சனவரி 12.

இரண்டு நாட்கள் அந்த அடுக்குகளின் முன்னே உட்கார்ந்திருந்ததில், அவை வெறுமனே கலைந்து கிடக்கவில்லை என்பது புலப்பட்டது. ஒரே வாத்தியத்தை முதன்மையாகக் கொண்டவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூன்றாம் அடுக்கின் இடது முனையில் எலெக்ட்ரிக் பியானோ, அதன்பின் ஆர்கன், கிளாரினெட், சாக்ஸபோன். நான்காம் அடுக்கில் பியானோ, புல்லாங்குழல், ட்ரம்பெட், வயலின், பிறகு எந்த வாத்தியம் என்றே சொல்ல முடியாத சில, கடைசியில் ட்ரம்ஸ்.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு ஆறுதல் தரவில்லை, அச்சத்தை இரட்டிப்பாக்கியது. கை தவறி இரண்டு மூன்றை மாற்றி வைப்பது மறதி. நூற்றுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை வாத்தியம் பார்த்துப் பிரித்து அடுக்குவது பல நாள் வேலை. அந்த வேலையை நான் செய்திருந்தால், அந்த நாட்கள் எங்கே? என் உடம்பைப் பயன்படுத்தி எனக்குத் தெரியாமல் இன்னொருவன் இந்த வீட்டில் நடமாடுகிறான் என்ற எண்ணம் வந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

வாத்தியங்களின் வரிசைக்குக் காரணம் தேடினேன். ஆங்கில அகரவரிசை பொருந்தவில்லை. தமிழ் அகரவரிசையையும் சோதித்தேன்: ஆர்கன் முதலில் வந்திருக்க வேண்டும், எலெக்ட்ரிக் பியானோவுக்குப் பின்னால் அல்ல. ட்ரம்பெட்டும் ட்ரம்ஸும் பியானோவுக்கு முன்னால் அருகருகே இருந்திருக்க வேண்டும். ஒன்று வயலினுக்கு முன்னும் மற்றது கடைசியிலுமாகக் கிடந்தன. மூன்று இடங்களில் தவறும் விதி விதியாகாது என்று அதைக் கைவிட்டேன். சிதைந்துவரும் ஒரு மூளை வரிசை என்று எண்ணிச் செய்த ஒன்று இது என்று முடிவுக்கு வந்தேன்.

பயம் முற்றியதற்கு இன்னொரு காரணம், சனவரி 28ஆம் தேதி. அன்று ஒரு கிளினிக்கில் எனக்கு நினைவாற்றல் சோதனை இருந்தது. அண்ணனின் நோயைப் பற்றி எப்போதோ நான் சொன்னதை நினைவில் வைத்திருந்த எங்கள் மருத்துவர், இந்த வயதில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று எழுதிக் கொடுத்திருந்தார். கூட வந்த படிவத்தில், நினைவிலோ நடத்தையிலோ மாற்றம் ஏதும் கவனிக்கப்பட்டதா, முதலில் கவனித்தவர் யார் என்ற கேள்வி இருந்தது. என் மகள் கர்க்லாண்ட் புறநகரில் தன் குடும்பத்துடன் இருக்கிறாள். அங்கே வந்துவிடும்படி தாயின் அடக்கத்துக்குப் பிறகு மூன்று முறை கேட்டிருந்தாள். இந்த அலமாரியை அவள் பார்த்தால் நான்காம் முறை கேட்க மாட்டாள், முடிவெடுத்துவிடுவாள்.

அவள் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாம் அடுக்கை முழுவதும் இறக்கினேன். சாப்பாட்டு மேசையின் மேல் மாதவாரியாகப் பரப்பினேன். 1968 சனவரி, பெப்ரவரி என்று வைத்துக்கொண்டே போனபோது, இரண்டு இசைத்தட்டுகள் கோடையில் வெளியானவையா இலையுதிர்காலத்திலா என்பது நினைவுக்கு வரவில்லை. இவற்றை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவன் நான். உண்மையிலேயே மறந்துவிட்டேனா, அல்லது மறப்பேனோ என்ற பயத்தில் மறந்தேனா என்று பிரித்தறிய ஒரு வழியும் இல்லை. அச்சத்தின் இந்தக் குணத்தை நான் முன்பு அறிந்ததில்லை. அது தனக்கு வேண்டிய சான்றுகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஞாயிறு மகள் வந்தபோது மேசை முழுவதும் இசைத்தட்டுகள். தூசி துடைக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொண்டு வந்த புட்டையும் மீன் குழம்பையும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பேரன் பாடசாலையிலிருந்து பனிச்சறுக்குக்குப் போனதைப் பற்றிப் பேசினாள். அரை மணியில் கிளம்பிவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை என் மனைவியின் தம்பி வந்தான். சென்ட் லோரன்ட்டில் ஒரு பண்டகசாலையில் வேலை. அக்கா இருந்தவரை சனிக்கிழமைகளில் எங்கள் இருவரையும் ஜான்-டலோன் சந்தைக்கு அழைத்துப் போவான். இப்போது என்னை மட்டும். நான் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அலமாரியின் முன்னே நின்றுகொண்டிருந்தான்.

“அத்தான், அந்த ரம்பெற் றெக்கோட்டை ஒருக்காப் போடட்டே? கறுத்த மட்டை. அக்கா போனிலை போட்டுக் காட்டினது” என்றான். என் பதிலுக்குக் காத்திருக்காமல் நான்காம் அடுக்கின் நடுவே விரலை வைத்து, புல்லாங்குழல்களைத் தள்ளி, மூன்றாவதாக இருந்ததை உருவினான். தேடவில்லை. உறையைக்கூட இருமுறை பார்க்கவில்லை.

“அது அங்கதான் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“ரம்பெற் ரானாவுக்கை தானே இருக்கும். வேறை எங்கை இருக்கும்?”

“ட-வுலதானே இருக்கணும்?”

“அது உங்கட ஊரிலை. எங்களுக்கு ரீச்சர், ரவுண், ரிக்கற் எல்லாம் ரானாதான் அத்தான்” என்று சிரித்தான். “றம்ஸ் கடைசியிலை, பெரிய றானா. ஓகன் ஓவன்னா. அக்கா வடிவா அடுக்கி வைச்சிருக்கிறா.”

ஓகன், ரம்பெற், றம்ஸ் என்று அவர்கள் எழுதும் முறையில் சொல்லிப் பார்த்தேன்; நான் தவறு என்று கண்ட மூன்று இடங்களும் வரிசையில் பொருந்தின. பிறகு அவன் சொன்னவை எனக்கு ஒழுங்காக நினைவிருக்கின்றன. கோடையில், நான் வகுப்புக்குப் போன பிற்பகல்களில், அக்கா அவனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். பண்டகசாலையில் அவனுக்குத் தேநீர் இடைவேளை. “இதென்னடா சத்தம், கேட்டுச் சொல்லு” என்று தொலைபேசியை ஒலிபெருக்கிக்கு அருகில் பிடிப்பாராம். அவன் யாழ்ப்பாணத்தில் பாடசாலை பாண்ட் குழுவில் ட்ரம்பெட் ஊதியவன். வாத்தியங்கள் ஓரளவு தெரியும். வாசித்தவர்களின் பெயர்களை அக்கா பொருட்படுத்தவில்லை. யார் வாசித்தால் என்ன, எது முன்னுக்கு நின்று கதைக்கிறது என்று சொல்லு என்றிருக்கிறார். உறையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் ஒவ்வொன்றையும் கேட்டே வகைப்படுத்தியிருக்கிறார். ஒரு பிற்பகலில் மூன்று, நான்குக்கு மேல் முடியவில்லை. இடையில் படுத்துக்கொள்வாராம்.

“பிடிபடாததுகளை என்ன செய்யிறது எண்டு கேட்டன். அதுகளையெல்லாம் ‘விளங்கேல்லை’ எண்டு ஒரு கூட்டமா வானாவுக்கை, வயலினுக்குப் பக்கத்திலை வை எண்டு தனக்குத் தானே சொன்னவ” என்றான்.

அந்தக் கூட்டத்தில் நான்கு இசைத்தட்டுகளே இருந்தன. என்னைக் கேட்டிருந்தால் நான் இன்னும் அதிகமாக வைத்திருப்பேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

எனக்குத் தெரியும் என்றே அவன் இதுவரை நினைத்திருந்தானாம். பிறகு, “முழுக்க அடுக்கி முடிச்சிட்டுச் சொல்லுறன் எண்டவ. பாதியிலை சொன்னால் நீங்கள் சிரிப்பீங்களாம்” என்றான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரி நண்பர்கள் விருந்துக்கு வந்திருந்த நாளில், சோப்ரானோ சாக்ஸபோன் ஒலித்துக்கொண்டிருந்தபோது அவர் சோற்றுக் கரண்டியுடன் நின்று, இது நாதஸ்வரமோ என்று கேட்டார். நான் சிரித்தேன். நண்பர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். பிறகு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து நிமிடங்கள் விளக்கினேன். அந்த ஒப்பீடு பிழையானதல்ல என்பது எனக்கு அன்றே தெரியும். அவர் அதன்பின் என் இசையைப் பற்றி, சுருதியைக் கேலி செய்ததைத் தவிர, எதையும் கேட்கவில்லை.

மூன்றாம் அடுக்கில் இனி அவருடைய வரிசை இல்லை. அதை நான் திருத்திவிட்டேன்.

சந்தையில் குளிர்காலத்துக்கு வெளிக்கடைகளை எடுத்திருந்தார்கள். உள்ளே கூட்டத்தில் மைத்துனன் முன்னே நடக்க, நான் பின்தொடர்ந்தேன். ஒரு விடுதலை உணர்ச்சியை எதிர்பார்த்தேன். நியாயப்படி வந்திருக்க வேண்டும். எனக்குள் இன்னொருவன் நடமாடவில்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் கிழங்குகளின் முன்னே நின்றபோது, ஏழாம் நிமிடத்தில் நிற்காமல் போன தாளம் நினைவுக்கு வந்தது. அதை அவர் செய்திருக்க முடியாது. இசைத்தட்டில் வெட்டப்பட்ட பள்ளத்தை எவரும் மாற்றி அடுக்க முடியாது. அந்த அமைதி அதில் எப்போதுமே இருக்கவில்லை என்றால், நாற்பது ஆண்டுகளாக நான் கேட்டது என்ன? இருந்தது என்றால், அந்த வியாழக்கிழமை என் காதுக்கு என்ன நேர்ந்தது? அடுக்குகளைப் பற்றிய பெரிய பயம் இவ்வளவு நாளும் இந்தச் சிறிய பயத்தை மறைத்து வைத்திருந்தது. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை.

“என்னத்தான், மரவள்ளி வேணாமே?” என்று மைத்துனன் கேட்டான். வேண்டும் என்றேன். வீட்டில் யார் அதை அவிப்பது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பியதும் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். அலமாரியில் நடந்ததை முதலில் சொன்னேன். அது உன் அம்மா செய்தது என்றேன். பிறகு ஏழாம் நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். அது என்னுடையது என்றேன். கோடையா இலையுதிர்காலமா என்று தடுமாறிய இரண்டு இசைத்தட்டுகளையும் சொன்னேன். தூசி துடைத்ததாகச் சொன்னது பொய் என்றும், ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன் என்றும் சொன்னேன். தேர்வுத்தாளில் தன் பிழைகளைத் தானே வட்டமிடும் மாணவனின் குரலில் பேசினேன் என்று நினைக்கிறேன்.



“அண்டைக்கு மேசையைப் பார்த்து நான் பயந்திட்டன், அப்பா” என்றாள். “கேக்கப் பயமா இருந்தது. அதுதான் கெதியா வெளிக்கிட்டனான்.”

அவள் என்னுடைய மகள்தான்; அவளும் கேட்காமலே போயிருக்கிறாள். இந்த வீட்டில் எல்லோரும் எதையாவது முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றே காத்திருந்திருக்கிறோம்.

சோதனை நாளான புதன்கிழமைக்குத் தான் விடுப்பு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். “நான் காரிலை வாறன். அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாங்கோ” என்றாள். அதில் எல்லாம் இல்லை, சிலவற்றை எழுதாமல் விட்டிருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் எழுதுங்கோ என்றாள்.

எழுதிவிட்டேன். இன்று செவ்வாய், சனவரி 27. இன்னும் செய்யாமல் இருப்பவை:

படிவத்தில், முதலில் கவனித்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில்.

நால்வர் குழுவின் இரண்டாம் பக்கத்தை, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மைத்துனனைக் கேட்க வைப்பது.

சாப்பாட்டு மேசையில் உள்ளவற்றை எலெக்ட்ரிக் பியானோ, ஓகன் தொடங்கிச் சக்ஸபோன் வரை மறுபடியும் அடுக்குவது.

1966, 1967, 1970: அவர் தொடாதவை. அப்படியே விடுவதா என்று தீர்மானிப்பது.

சென்னையில் அண்ணன் மகனிடம், கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைத்தபோது அண்ணனுக்கு என்ன வயது என்று கேட்பது.